பாலியில் ஸ்கூட்டரை மறிக்கும் போலீஸ்: காசை நீட்டுவதா, சலான் கேட்பதா?

கேள்வி, 8 ஜூன் 2024

"அடுத்த மாதம் நானும் மனைவியும் பாலி போகிறோம். அங்கே வாடகை ஸ்கூட்டர்தான் வசதி என்கிறார்கள். வெளிநாட்டு ஆளைப் பார்த்தாலே போலீஸ் மறிக்கும், பாஸ்போர்ட்டுக்குள் ஒரு லட்சம் ரூபியா நோட்டை வைத்து நீட்டினால் பேச்சே இல்லாமல் விட்டுவிடுவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நம் காசில் ஐநூற்றுச் சொச்சம்தான். அப்படிச் செய்யலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்."

8 ஜூன் 2024, இரவு 10.40

வேண்டாம். முதலில் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிறவரிடம் கேட்க வேண்டியது லைசென்ஸும் வண்டியின் பதிவுச் சான்றும்தான். பாஸ்போர்ட் பற்றிப் பேச்சு வந்தால் நகலைக் காட்டுங்கள். அசல் அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டால் அப்புறம் அவர் சொல்வதுதான் தொகை.

நோட்டை உள்ளே வைத்துக் கொடுத்தால், அவர் கேட்காததை நீங்களே ஆரம்பித்து வைக்கிறீர்கள். நேர்மையான ஆளிடம் மாட்டினால் அது தனி வழக்காகிவிடும். அங்கேயும் கொடுப்பவர் குற்றவாளிதான்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட்டீர்களா? நம் ஆர்டிஓ அலுவலகத்திலேயே கிடைக்கும். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அதை முதலில் பாருங்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன். நானும் ஒருமுறை காசு கொடுத்துவிட்டு வந்தவன்தான்.

9 ஜூன் 2024

2019 செப்டம்பர். நானும் மனைவியும் கூட்டாவில் தங்கியிருந்தோம். ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 70,000 ரூபியா. கடைக்காரர் லைசென்ஸ் கேட்கவே இல்லை. பாஸ்போர்ட் நகலைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார். என்னிடம் இருந்தது தமிழ்நாட்டு லைசென்ஸ் மட்டும். பதினெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன், யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு.

உபுத் போகும் வழியில் ஒரு பெரிய சந்திப்பில் சிகப்பு விழுந்து நின்றேன். இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தோம். எனக்கு முன்னால் ஹெல்மெட் இல்லாமல் நின்ற உள்ளூர்ப் பையன்களைத் தாண்டி ஒரு காவலர் நேராக என்னிடம் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து சாவியைத் திருகி எடுத்துக்கொண்டு நடந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன்.

சின்ன அறை, ஒரு மேஜை, தடிமனான சலான் புத்தகம். குற்றங்களும் தொகைகளும் அச்சிட்டு லேமினேஷன் செய்த ஒரு அட்டை. பேனா முனையை அதில் 1,000,000 என்ற இடத்தில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "டென்பசார் கோர்ட், வெள்ளிக்கிழமை" என்றார். எனக்குப் புதன்கிழமை விமானம். அதைச் சொன்னதும் பேனாவை மூடினார். "அப்படியானால் இங்கேயே உதவலாம்" என்றார். ஐந்து லட்சத்தில் ஆரம்பித்து மூன்றில் முடிந்தது.

காசை அவர் கையில் வாங்கவில்லை. சலான் புத்தகத்தைத் திறந்து மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று சிகப்பு நோட்டையும் தாளுக்கு நடுவில் வைத்தேன். புத்தகம் மூடியது, சாவி வந்தது. "ஹாத்தி-ஹாத்தி" என்றார். பார்த்துப் போங்கள் என்று அர்த்தம். நல்ல சிரிப்போடுதான் சொன்னார்.

மனைவி வழியெல்லாம் பேசவில்லை. உபுத்தில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போது, "ரசீது எதுவும் கொடுத்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

11 ஜூன் 2024

"ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு இவ்வளவு வருத்தமா, சுற்றுலா வரியாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் இல்லை, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் நாமக்கல் பக்கம். அப்பா இருபத்தாறு வருடம் லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் கூடப் போவேன். சோதனைச் சாவடி தெரிந்ததும் அப்பாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். பத்து ரூபாய் நோட்டுகளைத் தனியாக, நீளவாக்கில் நான்காக மடித்து வைத்திருப்பார். இறங்கும்போது ஒன்று ஆர்.சி. புத்தகத்துக்குள் போய்விடும். எல்லாப் பேப்பரும் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் அது போகும். கணக்கு நோட்டில் அதற்கு நேராக "வழி" என்று மட்டும் எழுதுவார். முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்கும்போது அந்த வரியில் எப்போதும் தகராறு. பாதிக்கு மேல் அப்பாவின் படியிலிருந்துதான் போகும்.

பாலியில் அந்தப் புத்தகம் திறந்தபோது எனக்கு அந்த ஆர்.சி. புத்தகம்தான் கண்ணில் தெரிந்தது. அப்பாவுக்கு வேறு வழி இல்லை, மறுநாளும் அதே சாவடியைத் தாண்ட வேண்டும். எனக்கு வழி இருந்தது. ஆயிரம் ரூபாய் கட்டி முறையான அனுமதி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நான் மூன்று நாளில் விமானம் ஏறிவிட்டேன். காய்கறி ஏற்றிக்கொண்டு அதே சந்திப்பைத் தினமும் தாண்டுகிற ஆள் அங்கேயே இருக்கிறார். நான் வைத்துவிட்டு வந்த மூன்று நோட்டு அடுத்த ஆளிடம் எவ்வளவு கேட்கலாம் என்று அந்தக் காவலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும்.

15 ஜூன் 2024

தொகை விவரம் கேட்டவர்களுக்கு. இந்தோனேசியாவின் போக்குவரத்துச் சட்டம் 2009ஆம் ஆண்டின் 22ஆம் எண் சட்டம். முறையான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அதிகபட்சம் நான்கு மாதம் சிறை அல்லது 10 லட்சம் ரூபியா அபராதம். ஹெல்மெட் இல்லாவிட்டால் அதிகபட்சம் ஒரு மாதம் அல்லது இரண்டரை லட்சம். பகலில் முகப்பு விளக்கு எரியாமல் ஓட்டுவதும் அங்கே குற்றம், அதற்கு 15 நாள் அல்லது ஒரு லட்சம். எல்லாமே உச்சவரம்பு. ஆக என்னிடம் காட்டிய அட்டை பொய் இல்லை. உச்சத்தைக் காட்டிப் பயமுறுத்தியதுதான் தந்திரம்.

இந்த விளக்கு விஷயத்தில் ஒரு சம்பவம் 2020 ஆகஸ்டில் பெரிதாக வெளியே வந்தது. பாலியின் மேற்குப் பகுதியான ஜெம்பிரானாவில் ஒரு ஜப்பானியப் பயணியை நிறுத்தி, விளக்கு எரியவில்லை என்று பத்து லட்சம் கேட்கிறார்கள். அவர் ஒன்பது லட்சம் கொடுக்கிறார். எல்லாம் அவர் வண்டியில் இருந்த கேமராவில் பதிவாகிவிட்டது. சட்டப்படி உச்ச அபராதமே ஒரு லட்சம்! அந்த மனிதருக்கு அது தெரிந்திருந்தால் அந்த இடத்தில் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். அதனால்தான் எண்களை எழுதுகிறேன்.

இன்னும் சில வார்த்தைகள் காதில் விழும். "திலாங்" என்றால் முறையான சலான். "டாமாய்" என்றால் சமாதானம், அதாவது இங்கேயே முடித்துக்கொள்வோம். "உவாங் ரொக்கோக்" என்றால் சிகரெட் காசு, நம் ஊரில் டீ செலவுக்கு என்பது போல. இப்படிக் கறப்பதற்கு அந்த மக்கள் வைத்திருக்கும் பெயர் "புங்லி". 2016இல் ஜோக்கோ விடோடோ அதிபராக இருந்தபோது இதை ஒழிக்கவென்றே ஒரு சிறப்புப் படை அமைத்தார். அந்த மக்களுக்கும் இது வலிக்கிற விஷயம்தான். "அந்த ஊரே அப்படித்தான்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

மறித்தால் "திலாங் போடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் வங்கியில் கட்டலாம், மறுத்தால் கோர்ட். ரோட்டில் வைத்துக் கையில் காசு வாங்குவது முறையே இல்லை.

16 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ராத்திரி படுத்த பிறகு உறைத்தது.

சலான் போட்டால் ஈடாக எதையாவது பிடித்து வைப்பார்கள். அந்த நாட்டு லைசென்ஸ் இருந்தால் அதை. உங்களிடம் அது இல்லாததால் வண்டியின் பதிவுச் சான்றை, எஸ்டிஎன்கே என்பார்கள், அதை வைத்துக்கொள்வார்கள். அது வாடகைக் கடைக்காரருடையது. நீங்கள் விமானம் ஏறிய பிறகு அவர் அலைந்து மீட்க வேண்டும். அதுவரை அந்த வண்டியை வாடகைக்கு விட முடியாது. இரண்டு மூன்று வண்டி வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள்தான் அங்கே அதிகம்.

ஆகவே தப்பு நம் பக்கம் இருந்து சலான் வாங்கினால், அன்றைக்கே கடைக்காரரிடம் போய்ச் சொல்லி, அபராதத்தைக் கட்டிவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் வண்டியைத் தொடாதீர்கள். இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

28 ஜூன் 2024

"காசு கொடுக்காமல் வந்த அனுபவம் உண்டா?" உண்டு. 2023 ஏப்ரல்.

அதற்கு முந்தைய மாதம்தான் ஆளுநர் வயான் கோஸ்டர், வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஸ்கூட்டரே வாடகைக்கு விடக்கூடாது என்று அறிவித்திருந்தார். அரை நிர்வாணமாகவும் ஹெல்மெட் இல்லாமலும் ஓட்டித் திரிந்தவர்களால் வந்த எரிச்சல். அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் சோதனை அதிகமாக இருந்தது.

முதலில் நிறுத்தியது முறையான சோதனை. சாலையில் அறிவிப்புப் பலகை வைத்து ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சர்வதேச அனுமதியைப் புரட்டி, இரு சக்கர வண்டிக்கான பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது ஆள் தனியாக நின்றார். சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிட்டேன் என்றார். இரண்டு லட்சம். அனுமதியைக் காட்டினேன், பதிவுச் சான்றையும் காட்டினேன். "திலாங், பாக்" என்றேன். பாக் என்பது நம் ஐயா மாதிரி. அவர் முகம் மாறவில்லை. நிழலைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். எதிரே ஒரு பெட்டிக்கடை. மனைவி வாழைப்பழ பஜ்ஜி வாங்கி வந்தாள். சாப்பிட்டோம். அவர் வேறு இரண்டு வண்டியை நிறுத்தினார், விட்டார். எங்களைப் பார்க்கவே இல்லை. உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் கழித்து வந்து சான்றையும் சாவியையும் கொடுத்து, போகலாம் என்று தலையசைத்தார். சலானும் இல்லை, காசும் இல்லை.

இதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் பேப்பர் சரியாக இருந்தது, அன்றைக்கு வேறு வேலையும் இல்லை, அவ்வளவுதான். கோட்டைத் தாண்டினேனா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. காய்ச்சலில் துவளும் குழந்தையை வைத்துக்கொண்டோ, விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதோ ஒருவர் காசைக் கொடுத்துவிட்டு வந்தால் அவரைக் குறை சொல்ல நான் வரமாட்டேன்.

29 ஜூன் 2024

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வேட்டி கட்டிக்கொண்டு சாலையை மறிப்பவர்கள் போலீஸ் இல்லை. பெச்சலாங் என்று பெயர், கிராமத்துக் காவலர்கள். கோயில் ஊர்வலம் போகும்போது வண்டிகளை நிறுத்துவார்கள். வண்டியை அணைத்துவிட்டு நில்லுங்கள். ஊர்வலத்தைப் பாருங்கள், தலையில் பழக் கோபுரம் சுமந்து பெண்கள் வரிசையாகப் போவது அவ்வளவு அழகு. நம் ஊர் முளைப்பாரி ஞாபகம் வரும்.

2 ஜூலை 2024

விமான நிலையத்தில் 150,000 ரூபியா கேட்டார்கள், அதுவும் லஞ்சமா என்று கேட்டவருக்கு: இல்லை. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவருக்கும் பாலி மாகாண அரசு விதித்த கட்டணம். கியூஆர் குறியோடு சான்று தருவார்கள். சந்தோஷமாகக் கட்டுங்கள். அப்போதே விசாவுக்கு 500,000 ரூபியாவும் கட்டியிருப்பீர்கள், அதுவும் முறையானதுதான்.

14 ஜூலை 2024

இன்னொரு திருத்தம், இது முக்கியம். "இந்தச் சர்வதேச அனுமதி அந்தப் பக்கம் எல்லா நாட்டுக்கும் செல்லும்" என்று ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தேன். தவறு. இந்தியா தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான அனுமதி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை மட்டும். நம் அனுமதியோடு அங்கே வண்டி ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குதான். வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதையில் ஸ்கூட்டரில் போகிறவர்களைப் பிடிப்பது இதற்காகத்தான். அங்கே போவதென்றால் ஓட்டுநரோடு வரும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போங்கள். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், வேடிக்கை பார்க்கவும் அதுதான் வசதி.

விபத்து நடந்தாலும் இதே கதை. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்குப் பயணக் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது தெரிய வேண்டிய விஷயம் இல்லை இது.

4 ஆகஸ்ட் 2024

பேச்சு தாய்லாந்துக்குப் போய்விட்டது, சரி. பாங்காக்கில் சுகும்வித் சாலையில் சிகரெட் துண்டைக் கீழே போட்டதற்கு 2000 பாட் வாங்கினார்கள் என்று புலம்பியவருக்கு: உங்களைப் பிடித்தது போலீஸ் இல்லை, "தேசக்கிட்" எனப்படும் மாநகராட்சி அலுவலர்கள். குப்பை போட்டால் அபராதம் என்பது அங்கே நிஜமான சட்டம், 2000 பாட் அதன் உச்சம். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ரசீது. ரசீது தந்தார்களா இல்லையா என்பதை நீங்கள் எழுதவே இல்லையே?

இ-சிகரெட் கொண்டு போகலாமா என்று கேட்டவருக்கு: கூடவே கூடாது. அங்கே 2014 முதல் அதை இறக்குமதி செய்யவும், 2015 முதல் விற்கவும் தடை. 2023 ஜனவரியில் பாங்காக்கின் ஹுவாய் குவாங் பகுதியில் ஒரு தைவான் நடிகையை இரவுச் சோதனையில் நிறுத்தி, இதை வைத்தே 27,000 பாட் வாங்கிக்கொண்டார்கள். முதலில் போலீஸ் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது, அப்புறம் உண்மை வெளியே வந்தது. அவர் வாயைத் திறந்ததால்தான் வந்தது. தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸ் எண் 1155. கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவில் 110.

கேமரா பற்றி இருவர் சண்டை போடுகிறீர்கள். என் கருத்து: ஹெல்மெட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும். காவலர் முகத்துக்கு நேராகக் கைபேசியைத் தூக்காதீர்கள். அந்நிய ஊரில், அதிகாரம் உள்ள ஆளைக் கூட்டத்துக்கு நடுவில் அவமானப்படுத்திவிட்டு சுமுகமாக வெளியே வர முடியாது.

25 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவர் ஊர் திரும்பி எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது.

ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போன பிறகுதான் கவனித்தாராம், அவர் லைசென்ஸ் காருக்கு மட்டும். பைக் ஓட்டத் தெரியும், பல வருடமாக ஓட்டுகிறார், ஆனால் லைசென்ஸில் இல்லை. அனுமதியில் இரு சக்கரத்துக்கு முத்திரை விழாது. அதனால் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, ஓட்டுநரோடு கார் எடுத்திருக்கிறார். நாளுக்கு 600,000 ரூபியா. நல்ல முடிவு.

மூன்றாம் நாள், வடக்கே மலைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது அந்தக் காரை நிறுத்தியிருக்கிறார்கள். ஓட்டுநர் இறங்கிப் போனார். போகும்போதே கண்ணாடிக்கு மேலே இருந்த மடிப்பிலிருந்து ஒரு நீல நோட்டை எடுத்துச் சான்றுக்குள் வைத்துக்கொண்டதை இவர் பார்த்திருக்கிறார். நீல நோட்டு என்றால் 50,000. இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, பாட்டை விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டு, வண்டியை எடுத்தாராம். இவர் தயங்கித் தயங்கி, "பேப்பர் எதுவும் சரியில்லையா?" என்று கேட்டதற்கு, "எல்லாம் இருக்கிறது சார், நாளைக்கும் இதே ரோடுதான்" என்றாராம். இறங்கும்போது அந்த ஐம்பதாயிரத்தைச் சேர்த்துக் கொடுத்தேன், அதுவும் லஞ்சத்தில் என் பங்காகிவிடுமா என்று இவர் கேட்கிறார்.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். சட்டப்படி என்னவோ, எனக்குத் தெரிந்து அது லஞ்சம் இல்லை. அந்த மனிதரின் ஒரு நாள் கூலியிலிருந்து போனதை நீங்கள் திருப்பி வைத்திருக்கிறீர்கள். அப்பாவின் வண்டியில் சரக்கு ஏற்றிய ஒருவர்கூட அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

26 ஆகஸ்ட் 2024

நேற்று ராத்திரி அப்பாவிடம் இதை முழுதாகப் படித்துக் காட்டினேன். கண்ணாடிக்கு மேல் மடிப்பில் நோட்டு வைத்திருந்தார் என்ற இடத்தில், "அது நல்ல இடம்தான், இறங்கும்போது தேட வேண்டாம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பையனுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார்.

கேள்வி கேட்டவரிடம் அந்த ஓட்டுநரின் எண் இருக்கும் அல்லவா? கேட்டுச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அப்பா காலையிலும் கேட்டார்.